ஜன்னல்காரர் வருவதற்கு முந்தைய நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டுபோய்ப் படுக்கையறை ஜன்னலைச் சுற்றிலும் கீறினேன். கதவும் சட்டமும் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு ஒரே உடம்பாகிக் கிடந்தன. நாலு பக்கமும் கீறித் தோளால் ஓர் இடி இடித்ததும் திறந்துகொண்டது. கடல்காற்று உள்ளே வந்து நாட்காட்டியைப் புரட்டிப்போட்டது. அப்புறம்தான் மூச்சு விட்டேன், முகம் கழுவினேன், உனக்கு எழுத உட்கார்ந்தேன். நலம் விசாரிப்பது இரண்டாவது பத்திக்குத் தள்ளிப்போனதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நீ எப்படி இருக்கிறாய்? அத்தானின் முதுகுவலி குறைந்ததா? இங்கே மூன்று பேரும் உப்புக்காற்றில் ஊறியபடி, கெட்டுப்போகாமல் இருக்கிறோம். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் "அக்கா, ஜன்னல்..." என்று ஆரம்பிப்பதற்குள் நீ, "அதைத்தான் நானும் சொல்றேன்" என்று முடித்துவிடுகிறாய். நான் என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கே மறந்துபோகிறது. வைத்த பிறகு யோசித்துப் பார்த்தால் எதற்கோ "சரிக்கா" என்று சொல்லியிருப்பேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. வேண்டுமானால் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே படி, எனக்குக் கேட்காது.

கடைசியாக நான் எதற்குச் "சரிக்கா" சொன்னேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. உன் எதிர்வீடு காலியாகிறது, அதை எங்களுக்கென்று சொல்லிவைத்திருக்கிறாய், கூடத்துக்கு எந்த நிறத்தில் திரைச்சீலை என்பதுவரை முடிவாகிவிட்டது. "அந்த ஜன்னலையெல்லாம் இனிமே ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாதுடி. மாத்தியே ஆகணும்னு ஆயிட்டா, மாத்தாதே. வீட்டை வித்துட்டு இங்க வந்துடு. இங்க காத்துல உப்பு இல்ல, புழுக்கம் இல்ல, நான் இருக்கேன்" என்றாய். மூன்றாவதைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் உடனே சரி என்றேன். இவரிடம் சொன்னதற்கு, "உன் அக்கா, உன் ஜன்னல். நீ முடிவு பண்ணு, நான் பெட்டியைத் தூக்கறேன்" என்றார். இவர் வேலை பார்க்கும் கிடங்குக்கு உங்கள் ஊரிலும் ஒரு கிளை இருக்கிறதே, அந்தத் தைரியம். மகள் மட்டும், "பெரியம்மாவுக்கு எதிர்ல குடியிருந்தா நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன்னு ஊருக்கே தெரியுமே" என்று முனகினாள். ஆக, ஜன்னல்கள் தாங்கும் என்றால் இங்கே இருப்பது, தாங்காது என்றால் அங்கே வருவது என்று ஏற்பாடு. ஒரு குடும்பத்தின் தலையெழுத்தைத் துருப்பிடித்த கீல்களிடம் ஒப்படைத்தோம்.

அவை எந்த நிலையில் இருந்தன என்பதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது உனக்குப் புரியும். கூடத்து ஜன்னல் மரம், ஈரக்காற்றைக் குடித்து ஊதிப்போய்விட்டது. கீழ்மூலையில் சுத்தியலால் ஒரு தட்டு, நடுவில் முழங்காலால் ஒரு முட்டு, அப்படியே தூக்கித் தள்ளினால் திறக்கும். வரிசை மாறினால் அன்றைக்கு முழுக்கத் திறக்காது, அதற்கும் ரோஷம் உண்டு. படுக்கையறை ஜன்னலின் கீல்கள் பொடியாக உதிர்ந்துவிட்டதால் கதவு பறந்துபோகாமல் இருக்க இவருடைய பழைய பெல்ட்டால் கட்டில் காலோடு கட்டியிருக்கிறோம். காற்று பலமாக அடித்தால் கதவு கட்டிலை இழுக்கும். சுவரோரம் படுத்தவர்கள் அறை நடுவில் கண் விழிப்போம். "டிக்கெட் எடுக்காத பயணம்" என்று இவருக்கு அதில் ஒரு சந்தோஷம் வேறு. சமையலறையில் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். தடத்தில் உப்பும் மணலும் கெட்டியாகி, பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பாதி வழியாக ஒரு காகம் வந்துபோகிறது. முதலில் விரட்டினோம், இப்போது அது வரத் தாமதமானால் மகள் கவலைப்படுகிறாள். மகளின் அறை ஜன்னல் திறப்பதே இல்லை, மத்தியானத்தில் அந்தக் கண்ணாடியில் கை வைத்தால் அடுப்பில் ஏற்றிய வாணலிதான், அவள் நடையில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். குளியலறையில் பட்டை பட்டையாகக் கண்ணாடி இருந்ததே, அதில் விழுந்த பட்டைகளுக்குப் பதிலாக ஒரு ஸ்டீல் ஸ்கேலும், என் நூலகத்தில் கழித்துப்போட்ட புத்தக அட்டைகள் இரண்டும் செருகியிருக்கிறோம். எதிர்மாடியில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறோம்.

ஜன்னலை எப்போது மாற்ற வேண்டும் என்று மகள் போனில் தேடிப் படித்தாள்.

"மூடின ஜன்னல்ல காகிதத்தைச் செருகி இழுத்தா வரக் கூடாதாம்பா. வந்தா சட்டம் போச்சுன்னு அர்த்தமாம்."

இவர் செருகினார். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, காகிதம் தானாகவே பறந்து வந்து இவர் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

"காத்தோட்டம் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

"மூடியிருக்கும்போது காத்து வரக் கூடாதுப்பா."

"வீடு தேடி வர்றதை வராதேன்னு சொல்றதா? என்ன வளர்ப்பு இது?"

"மெழுகுவத்தி வச்சா சுடர் ஆடக் கூடாதாம்."

வைத்தோம். அடுத்த நொடியே அணைந்துபோனது. "பாத்தியா, ஆடவே இல்ல" என்றார்.

"மரத்துல ஸ்க்ரூடிரைவர் வச்சு அழுத்தினா இறங்கக் கூடாதாம்."

கேக்கில் கத்தி இறங்குவதைப் போலக் கைப்பிடிவரை இறங்கியது, திரும்ப வரவில்லை. இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதில் மாட்டிவிட்டு, "வசதியாத்தான் இருக்கு" என்று போய்விட்டார். வாரம் முழுக்க அதுதான் துண்டு மாட்டும் ஆணி. இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கு வருவது? விஷயம் தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று நான்தான் ஜன்னல் கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு அந்நிய மனிதர் வருகிறார், அதுவும் ஜன்னலைப் பார்ப்பதற்கென்றே வருகிறார். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? டாக்டர் வருகிறார் என்று அம்மா கொதிக்கிற காய்ச்சலோடு எழுந்து தலைவாரிப் பவுடர் பூசி, நாற்காலியைத் துடைத்துப்போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றதும், அவர் நேராகப் போய் அப்பாவின் நாக்கை நீட்டச் சொன்னதும், அப்பா மரியாதைக்காக நீட்டியதும் மறந்துவிடுமா? வீடு பெருக்க ஆள் வருகிறாள் என்று அதற்கு முன்பே பெருக்கி வைக்கிற பரம்பரை இது. ஒரு துணியால் தூசியைத் தட்டலாம் என்றுதான், சத்தியமாக, ஆரம்பித்தேன். துடைத்ததும் உப்பு போனது. உப்பு போனதும் அழுக்குத் தெரிந்தது. அழுக்கைப் போக்க உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளே இருக்கிற பொந்தெல்லாம் பல்லை இளித்தது. அதை அப்படியே விட முடியுமா, ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். அடைத்த இடம் தேமல் மாதிரி தனியாகத் தெரிந்தது. கேட்டுக்கு அடித்து மீந்த பச்சைப் பெயிண்ட் பரண்மேல் இருந்தது. ஒரு ஜன்னலுக்கு அடித்துவிட்டு மற்றதை விட்டால் ஓரவஞ்சனை. பாதியில் நின்ற சமையலறை ஜன்னலையும் சுத்தியலால் தட்டி முழுக்க மூடி, அதற்கும் அடித்தேன். இவர் வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு, மந்திரியா வர்றாரு?"

"வர்றவர் என்ன நினைப்பாரு?"

"மாத்தணும்னு நினைப்பாரு. அதுக்குத்தானே கூப்பிட்டிருக்கே?"

"அதுக்காக, அலங்கோலமாவா காட்டறது?"

இவர் ஒரு நிமிடம் யோசித்தார். "அதுவும் நியாயம்தான்" என்று சட்டையைக் கழற்றிவிட்டு இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். மகள், "நம்ம வீட்ல எல்லாருக்குமே ஏதோ ஒண்ணு குறையுது" என்றாள். ஆனால் அவள் அறை ஜன்னலுக்கு அவளேதான் அடித்தாள்.

மறுநாள் ஜன்னல்காரர் வந்தார். நல்ல உயரம், இடுப்பில் அளவு டேப், ஜன்னல்களை மாட்டு வியாபாரி மாதிரி எடைபோடுகிற ஆள். தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், ஓரக்கண்ணால் பார்த்தார். காகிதத்தைச் செருகப் பார்த்தார். அது உள்ளே போகவே இல்லை. மெழுகுவத்திச் சுடர் படத்தில் வரைந்த மாதிரி நின்றது. ஸ்க்ரூடிரைவரை அழுத்தினார், காய்ந்து கல்லாகிவிட்ட பசையில் பட்டு எகிறியது.

"யாருங்க இதைப் பராமரிக்கிறது?"

"நான்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"கடலோரத்துல இப்படி ஒரு ஜன்னலை நான் பாத்ததே இல்லைங்க. எங்க கடை ஜன்னல்கூட இப்படி இல்ல. இதை மாத்தச் சொல்றவன் விளங்குவானா? பல வருஷம் ஓடும். ஒண்ணும் பண்ணாதீங்க."

இவர் என்னைப் பார்த்தார், மகள் இவரைப் பார்த்தாள், நான் டீ போடப் போனேன். அந்த டீயில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டேன் என்பதைக் குடித்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

நல்ல வெயில் நேரம். ஐந்து ஜன்னலும் அடைத்தபடி. மூடி போட்ட பாத்திரத்துக்குள் உட்கார்ந்து வேகிற மாதிரி நாலு பேரும் சூடான டீயைக் குடித்தோம். ஜன்னல்காரரின் சட்டை முதுகோடு ஒட்டியது. நாகரிகமான மனிதர், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "ஒரு ஜன்னலைத் திறந்துக்கலாங்களா?" என்று கேட்டார். இவர் அவசரமாக ஒரு செய்தித்தாளை எடுத்து அவருக்கு விசிறினார். அவரே எழுந்து போய்க் கூடத்து ஜன்னலின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை அக்கா. "அய்யய்யோ, நல்ல ஜன்னலைக் கெடுத்துட்டேனே! என் கை கொஞ்சம் முரட்டுக் கைங்க. நானே சரி பண்ணித் தந்துடறேன்" என்று பதறினார். அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எங்கள் வாயில் வந்ததோ, "பரவாயில்லைங்க, மனுஷங்கன்னா கை தவறத்தான் செய்யும்." இவர் அவரை மன்னிக்கவே செய்தார். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அவர் வேறு ஜன்னலையாவது திறந்து காட்டுகிறேன் என்று படுக்கையறைக்குள் நுழைந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். தள்ளினார், அசையவில்லை. கீழே குனிந்தவர் படுக்கை விரிப்புக்குள்ளிருந்து ஜன்னலுக்குப் போகிற பெல்ட்டைப் பார்த்துவிட்டார்.

"இது என்னங்க?"

"சீட் பெல்ட் அங்கிள்" என்றாள் மகள்.

அதற்குள் சமையலறையில் டொக் டொக் என்று சத்தம். காகம் வந்திருந்தது, பாதை அடைத்திருக்கிறதே என்று அலகால் கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருந்தது. "இதையாவது திறந்து விடறேன்" என்று ஜன்னல்காரர் இரண்டு கையையும் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். தடத்தோடு சேர்த்து நாங்கள் பெயிண்டில் ஒட்டிவைத்திருந்த அந்தக் கண்ணாடிக் கதவு சறுக்கவில்லை. எழுந்தது, வெளியே சாய்ந்தது, போய்விட்டது. ஒரு கணம் எங்கேயும் சத்தமில்லை. பிறகு கீழே ஏதோ உடைந்தது. காகம் எங்களைப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு டீச்சரம்மா மாடியேறி வந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், கோபம் வந்தால் குரல் தணியும்.

"உங்க ஜன்னல் எங்க வீட்டுக்கு வந்திருக்கு. இந்தத் தடவை பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு."

"இந்தத் தடவையா?" என்றார் ஜன்னல்காரர்.

"போன தடவை சட்டையில்லாம வந்துது. கயிறு போட்டுக் கட்டுங்கன்னு சொன்னேன். அலங்காரம் பண்ணி அனுப்பியிருக்காங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, எப்பவும் இந்த நேரத்துல அங்க நாற்காலி போட்டுத்தான் உக்காந்திருப்பேன். இன்னிக்கு உள்ள தூங்கிட்டேன், பொழைச்சேன்" என்றார்.

அதற்குமேல் எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஜன்னல்காரர் பையிலிருந்து ஒரு உளியை எடுத்துக் கூடத்துச் சட்டத்தில் ஒரு கீறு கீறினார். பச்சைக்குக் கீழே பசை, பசைக்குக் கீழே ஈரப்பொடி. அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"மேடம், உங்களுக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்?"

அவரே பேசினார். "தட்டித் திறக்கிற ஜன்னல் எல்லார் வீட்லயும் இருக்குங்க. எங்க தட்டணும்னு வீட்டுக்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்சா, அது ஜன்னல் இல்ல. நாளைக்கு அடுப்படியில தீ கீ புடிச்சா அந்தப் பொண்ணு ரூம்லேர்ந்து எப்படி வெளிய வரும்? மாத்தித்தான் ஆகணும். இந்தக் காத்துக்கு மரமும் வேணாம், இரும்பும் வேணாம். துரு புடிக்காத சட்டமும் உப்பு தின்னாத கீலும் போட்டாத்தான் நிக்கும். என்ன பண்ணப்போறீங்கன்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க." கழன்ற கைப்பிடியை மேஜைமேல் வைத்துவிட்டு, டீச்சரம்மாவின் உடைந்த பூந்தொட்டிகளைப் பொறுக்க உதவிசெய்துவிட்டுப் போனார். விற்க வந்த மனிதரை விற்கவிடாமல் செய்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

ஆகவே அக்கா, ஏற்பாட்டின்படி தீர்ப்பு வந்துவிட்டது. ஜன்னல்கள் தாங்காது. மாற்றினால்தான் உண்டு என்று அதைச் சொல்ல வேண்டியவரே சொல்லிவிட்டார். மாற்றுகிற நிலை வந்தால் கிளம்பிவிடு என்று நீ சொன்னாய், நானும் சரி என்றேன். மகளுக்கு இந்த வருடப் பரீட்சை முடிந்ததும் வந்துவிடுகிறோம். எதிர்வீட்டு உரிமையாளரிடம் உறுதியாகச் சொல்லிவிடு. திரைச்சீலை நீ எடுத்த நிறமே இருக்கட்டும், உன் தேர்வு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். சனிக்கிழமை நான் பெயிண்ட் அடித்ததை நினைத்து மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாதே. அது வருகிறவருக்கு மரியாதை, நம் வீட்டு ரத்தம், அவ்வளவுதான்.

அத்தானின் முதுகு நிமிரட்டும், உன் ரத்தக்கொதிப்பு தணியட்டும், இரண்டு பேரும் இன்னும் பல வருடம் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாக இருங்கள். இவர் உங்கள் இருவரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். மகள் விசாரிக்கச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்திருக்கிறேன், கிழிசலைக் கண்டுகொள்ளாதே. மேலே எழுதியதில் ஜன்னல்களைப் பற்றிய எல்லாம் உண்மை. என்னைப் பற்றியது பொய். மரியாதைக்காக ஒரு ஜன்னலைத் துடைக்கலாம் அக்கா, ஐந்து ஜன்னலுக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பெயிண்ட் அடிக்க முடியாது. அந்த மனிதர் "ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொன்னபோது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அதை மறைக்கத்தான் டீ போடப் போனேன். இங்கேயே இரு என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஜன்னல்களாவது சொல்லட்டும் என்று பார்த்தேன், அவற்றாலும் முடியவில்லை.

நீ எனக்குக் கெடுதல் நினைத்தவள் இல்லை. எந்தப் படிப்பு, எந்த வேலை, யாரைக் கட்டிக்கொள்வது என்று நீ சொன்னது எதுவும் தப்பாகப் போனதும் இல்லை. நூலக வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, இவரையும் பிடித்திருக்கிறது. அதுதான் சிக்கல். எல்லாம் சரியாக இருந்ததால் நானாக ஒன்றை முடிவு செய்து, அது தப்பானால் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாமல் நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. உன் எதிர்வீட்டில் நான் சௌகரியமாகத்தான் இருப்பேன். காலையில் நீ என்ன சமைக்கலாம் என்று சொல்வாய், நான் சமைப்பேன். அங்கே ஒரு ஜன்னல்கூட இறுகாது, புழுக்கமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்காது.

எதிர்வீட்டை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடு. நாங்கள் வரவில்லை. ஐந்து ஜன்னலையும் மாற்றப் போகிறேன், மகளின் அறையிலிருந்து ஆரம்பித்து. புதியதையும் இந்த உப்பு ஒருநாள் தின்னும், அப்போது நீ "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று சொல்லலாம், உனக்கு அந்த உரிமை உண்டு. இதை இவரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்ட பிறகுதான் சொல்வேன். அவர்கள் தடுப்பார்கள் என்று பயமில்லை. வாய்விட்டுச் சொல்லி யாராவது "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நான் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். செருப்பை மாட்டிக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன்.